மாவட்டத்தில் முதலிடம், அதற்கு அப்புறம்?

குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. வருவாய் மாவட்டப் போட்டியில் 100 மீட்டரில் முதலிடம். டைமிங் 13.1 என்றார்கள். பி.டி. சார் இவளை விட்டுவிடாதீர்கள் என்கிறார். சொந்தக்காரர்கள் உடனே சென்னைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். பள்ளியில் ஓடும் பிள்ளை பெரிய ஓட்டக்காரியாக, சாம்பியனாக ஆவது எப்படி நடக்கிறது? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

தம்பி, பிள்ளைக்கு முதலில் என் வாழ்த்து. முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சுண்ணாம்புக் கோடு போட்டுப் போட்டே கை வெளுத்தவன். உங்கள் கேள்வியை இதே வார்த்தைகளில் எத்தனையோ அப்பாக்கள் மைதானத்து ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அடுத்த ஹீட்ஸுக்கு, அதாவது முதல் சுற்று ஓட்டத்துக்கு, நேரமாகிவிடும், பாதி பதில்தான் சொல்ல முடியும். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

அந்த 13.1-லிருந்தே ஆரம்பிக்கலாம். அதை யார், எப்படி எடுத்தார்கள் என்று பார்த்தீர்களா? நம் பள்ளிப் போட்டிகளில் பெரும்பாலும் விசில்தான். ஸ்டார்ட்டர் அந்தக் கோடியில் விசில் ஊதுகிறார். முடிவுக் கோட்டில் நிற்கும் ஆசிரியர் சத்தம் காதில் விழுந்ததும் ஸ்டாப்வாட்சை அமுக்குகிறார். சத்தம் 100 மீட்டர் கடந்து வர ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். பிள்ளை ஓட ஆரம்பித்த பிறகுதான் வாட்ச் ஓட ஆரம்பிக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் துப்பாக்கிப் புகையையோ, கிளாப்பர் கட்டை சேரும் கணத்தையோ கண்ணால் பார்த்து அமுக்குவார்கள். அப்படிச் சரியாக எடுத்த கை டைமிங்கைக்கூட மின்னணு டைமிங்கோடு ஒப்பிட 100 மீட்டருக்கு 0.24 கூட்ட வேண்டும் என்பது நடைமுறை. ஆக, உங்கள் பிள்ளையின் 13.1 உண்மையில் 13.3 ஆகவும் இருக்கலாம், 13.6 ஆகவும் இருக்கலாம்.

பிள்ளை மெதுவானவள் என்று சொல்ல இதை எழுதவில்லை. மாநிலப் போட்டியில் முதல்முறையாக மின்னணு டைமிங்கில் ஓடுவாள். திரையில் 13.5 என்று விழும். "சார், நான் ஸ்லோ ஆயிட்டேன்" என்று அழுவாள். அப்படி அழுத பிள்ளைகளை பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்து ஊர் கூட்டிவந்திருக்கிறேன். இந்தக் கணக்கை முன்னாடியே அவளுக்குச் சொல்லிவைத்துவிடுங்கள்.

இனி பெரிய கேள்வி. சாம்பியன் எங்கே உருவாகிறான், எங்கே உருவாகிறாள்? 14 வயது மெடலில் என்று ஊர் நினைக்கிறது. நான் பார்த்தவரை, படித்தவரை, 16-க்கும் 22-க்கும் நடுவில் இருக்கிற, யாரும் கைதட்டாத வருடங்களில்தான். அந்த வருடங்களை உடம்பு கெடாமல், மனசு வெறுக்காமல் யார் கடந்து வருகிறார்களோ அவர்கள்தான் பிற்பாடு மேடையில் நிற்கிறார்கள். கடக்க முடியாமல் நின்றுபோனவர்களில் திறமை குறைந்தவர்கள் ரொம்பக் குறைவு.

உசைன் போல்ட் கதையை எல்லாரும் 2008 பெய்ஜிங்கிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் பிள்ளைகளுக்கு 2002-லிருந்து சொல்வேன். ஜமைக்காவில் டிரெலானி என்ற பகுதியில், கிழங்கும் கரும்பும் விளையும் மலைக் கிராமம் ஷெர்வுட் கன்டென்ட். அங்கே 1986 ஆகஸ்ட் 21-இல் பிறந்தவர். சின்ன வயதில் கிரிக்கெட் பைத்தியம், வேகப்பந்து வீசுவார். ஓடிவருகிற வேகத்தைப் பார்த்த பள்ளி கிரிக்கெட் கோச்தான் "ட்ராக்குக்குப் போ" என்று திருப்பிவிட்டார். 2002-இல் உலக ஜூனியர் போட்டி அவர்கள் தலைநகரான கிங்ஸ்டனிலேயே நடந்தது. 200 மீட்டர் இறுதிப் போட்டிக்கு முன்னால் நடுக்கத்தில் ஷூவை கால் மாற்றிப் போட்டுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். வலது கால் ஷூ இடது காலில். பதினைந்து வயசுப் பையன், தன்னைவிட மூன்று நான்கு வயது பெரியவர்களோடு ஓடி, 20.61-இல் தங்கம் வாங்கினான். 2004 ஏப்ரலில், பதினேழு வயதில், 19.93. ஜூனியர் வயதில் 20 வினாடிக்குக் கீழே 200 மீட்டர் ஓடியவர்கள் அதற்கு முன் யாருமே இல்லை.

அதற்கு அப்புறம் என்ன நடந்தது? இங்கேதான் நம் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கிராமத்திலிருந்து அவரை ஏற்கெனவே கிங்ஸ்டனுக்கு மாற்றியிருந்தார்கள். நாடே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதுப் பயிற்சியை உடம்பு தாங்கவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கால் காயத்தோடு ஓடி, முதல் சுற்றிலேயே வெளியே. 2005 ஹெல்சின்கி உலகப் போட்டியில் இறுதிவரை வந்து, அங்கே காயம்பட்டு, கடைசியாக வந்து சேர்ந்தார். சொந்த ஊர்க்காரர்களே "இவன் அவ்வளவுதான்" என்று பேசினார்கள். அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதனால் இடுப்பு சமமில்லாமல் இழுத்து, தொடையின் பின்தசை திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டது. கிளென் மில்ஸ் என்ற கோச் கைக்கு வந்த பிறகுதான் முதுகையும் வயிற்றையும் பலப்படுத்துகிற வேலை ஒழுங்காக நடந்தது. மில்ஸ் மூன்று வருடத்துக்குத் திட்டம் போட்டார். மூன்று வருடம், தம்பி. உலக ஜூனியர் சாம்பியன் பட்டம் வாங்கிய பையனுக்கு.

இன்னொரு சங்கதி. மில்ஸ் அவரை 400 மீட்டர் ஓடச் சொன்னார். போல்ட்டுக்கு 100 மீட்டர் மேல் ஆசை, 400-இன் வேதனை பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பேரம்: 200 மீட்டரில் ஜமைக்கா ரெக்கார்டை உடைத்தால் 100 ஓடலாம். டான் குவாரி 1971-இல் ஓடிய 19.86, முப்பத்தாறு வருடமாக நின்ற ரெக்கார்டு. 2007 ஜூனில் 19.75 ஓடி உடைத்தார். அடுத்த மாதம் கிரீஸ் நாட்டு கிரீட் தீவில் ஒரு சின்னப் போட்டியில் 100 மீட்டர் ஓடினார்: 10.03. ஒரு வருடத்துக்குள் நியூயார்க்கில் 9.72, உலக சாதனை. பெய்ஜிங்கில் 9.69. 2009 பெர்லினில் 9.58. பதினைந்து வயது தங்கத்திலிருந்து பெய்ஜிங்குக்கு ஆறு வருடம். அந்த ஆறில் நான்கு வருடம் வலியும் பேச்சும்தான். அந்த நான்கு வருடத்தில் யாராவது அவசரப்பட்டு அவரைத் தூக்கிப் போட்டிருந்தால் இன்று நமக்கு அந்தப் பெயரே தெரியாது.

சரி, அது ஜமைக்கா. அங்கே பள்ளிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி 1910-லிருந்து நடக்கிறது. சாம்ப்ஸ் என்று சொல்வார்கள். தேசிய ஸ்டேடியம் நிரம்பி வழியும். நம் மாவட்டப் போட்டியில் பார்வையாளர் என்று பார்த்தால் ஓடுகிற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தோழிகள்தான். அதனால் நம் மண்ணிலிருந்து போனவர்களையும் சொல்கிறேன்.

உங்கள் ஊரிலிருந்து பேரளம் எவ்வளவு தூரம்? மயிலாடுதுறை, திருவாரூர் ரயிலில் ஏறினால் வந்துவிடும். ராஜேஷ் ரமேஷ் அந்தப் பேரளத்துப் பிள்ளை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை, திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகர். 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டி, 4x400 மீட்டர் தொடர் ஓட்டம். முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், கடைசிக் கால் ராஜேஷ். பேட்டன் இவர் கைக்கு வரும்போது பக்கத்தில் அமெரிக்கா. விடவே இல்லை. கடைசி வளைவில் முன்னால் ஓடுகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். அமெரிக்கா 2 நிமிடம் 58.47, இந்தியா 2 நிமிடம் 59.05. ஜப்பான் வைத்திருந்த ஆசிய சாதனை போய்விட்டது. நள்ளிரவு நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன், வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள் என்ற நினைப்பே இல்லை. இறுதிப் போட்டியில் ஐந்தாம் இடம். அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அதே நான்கு பேர் தங்கம் வாங்கினார்கள். அந்த ஓட்டத்தில் இந்திய ஆண்களுக்கு 1962-க்கு அப்புறம் கிடைத்த தங்கம் அது. அப்போது ராஜேஷுக்கு வயது 24. பதினான்கில் அவரை யாருக்குத் தெரியும்?

அவருக்கு முன்னாடி லால்குடி ஆரோக்கிய ராஜீவ். லாரி ஓட்டுநர் மகன். ஆரம்பத்தில் நீளம் தாண்டுகிறவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் 400 மீட்டருக்கு வந்தார். 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் வெண்கலம், 2018 ஜகார்த்தாவில் தொடர் ஓட்டப் பதக்கங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 3 நிமிடம் 00.25 ஓடி அப்போதைய ஆசிய சாதனையை வைத்த அணியிலும் இருந்தார்.

இரண்டு பேர் கதையிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு பேருமே 400 மீட்டர். நம் பிள்ளைகள் எல்லாரும் 100 மீட்டரில்தான் ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் பள்ளி மைதானத்தில் நேராக 100 மீட்டர் கோடு போடுவது சுலபம். அதனால் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்க்காமலேயே "இவள் நூறு" என்று முத்திரை விழுந்துவிடுகிறது. நூறு மீட்டரில் கெட்டிக்காரர்கள் தரையைத் தொடுவதே ஒவ்வொரு அடிக்கும் பத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவு. அந்த வெடிப்பு பெரும்பாலும் பிறவியிலேயே வரும். நானூறு மீட்டர் வேறு பாடம். முப்பது, நாற்பது வினாடிக்கு மேல் தசைக்குள் அமிலம் ஏறி, கடைசி நூறில் கால் கல்லாகிவிடும். அதைத் தாங்கி ஓட்டத்தின் வடிவம் குலையாமல் வருவதைப் பழகிக்கொள்ளலாம். ஓட்டத்தில் இந்தியாவுக்கு உலக அளவில் வாசல் திறந்ததும் பெரும்பாலும் அங்கேதான். அசாமில் நெல் வயல் குடும்பத்திலிருந்து வந்த ஹிமா தாஸ் 2018-இல் ஃபின்லாந்தில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் பட்டம் வாங்கியதும் 400 மீட்டரில்தான், 51.46. உங்கள் பிள்ளையை இப்போதே 400-க்கு மாற்றச் சொல்லவில்லை. 16 வரை 100, 200, நீளம் தாண்டுதல், தடை ஓட்டம் எல்லாம் தொட்டுப் பார்க்கட்டும். முத்திரை குத்தாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். பல வருடம் முன்னால் என்னிடம் ஒரு பிள்ளை ஓடினாள். பெயர் வேண்டாம். வெறுங்காலில் ஓடுவாள், கோடு தாண்டிய பிறகும் நிற்கத் தெரியாமல் வேலிவரை போய்விடுவாள். அந்தப் பிள்ளையை வைத்துப் பள்ளிக்குத் தனிநபர் கோப்பை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. இரண்டு நாள் போட்டியில் 100, 200, நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம், எல்லாவற்றிலும் இறக்கினேன். ஹீட்ஸ் கணக்கும் சேர்த்துப் பாருங்கள். காலையிலேயே "சார், பின்னால் இழுக்குது" என்று தொடையைத் தடவிக் காட்டினாள். தைலம் தேய்த்துவிடச் சொல்லி அனுப்பினேன். தொடர் ஓட்டத்தில் இரண்டாம் வளைவில் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொடையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பேட்டன் மட்டும் உருண்டு லேனுக்கு வெளியே போனது. வளர்கிற வயதில் அந்தத் தசை எலும்போடு ஒட்டும் இடம் இன்னும் முற்றியிருக்காது. அங்கே கிழிந்தால் மாதக்கணக்கில் ஆகும். அவளுக்கு ஒரு வருடம் போனது. திரும்பி வந்தபோது ஓடவே பயந்தாள். பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டாள். அந்தக் கோப்பை அந்தப் பள்ளி அலமாரியில் இன்னமும் இருக்கும். இழுக்குது என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள், எந்தக் கோப்பையாக இருந்தாலும். உங்கள் பி.டி. சாரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு நாளில் இரண்டு ஈவண்டுக்கு மேல் வேண்டாம்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? வாரத்தில் மூன்று நாள் வேக ஓட்டம் போதும். இன்னும் இரண்டு நாள் தாண்டுவது, படி ஏறுவது, பந்து எறிவது, கபடி ஆடுவது. மீதி நாட்கள் முழு ஓய்வு. வேக ஓட்டத்தில் ஒரு கணக்கு உண்டு: 10 மீட்டருக்கு ஒரு நிமிடம் ஓய்வு. 60 மீட்டர் முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிடம் சும்மா நடக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை வெட்டியாக நிற்கிற மாதிரி இருக்கும். நம் ஊர் வழக்கம் இதற்கு நேர் எதிர்: "மைதானத்தைப் பத்து ரவுண்டு ஓடு, ஸ்டாமினா வரும்." ரவுண்டு ஓடினால் ரவுண்டு ஓடத்தான் வரும். வேகம் என்பது களைக்காத காலில்தான் பழகும்.

எங்கே ஓடுவது என்பது நம் பக்கத்தில் பெரிய பிரச்சினை. விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு ஓரமாக வலி வந்துவிடும். ரோடு வேண்டாம். பள்ளி மண் மைதானம், புல்தரை இருந்தால் இன்னும் நல்லது. ஜமைக்காவில் எத்தனையோ பேர் புல்தரையில் ஓடி வளர்ந்தவர்கள்தான். கோடையில் மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன் காவிரி மணல் காய்ந்து கிடக்கும்போது வாரம் ஒரு நாள் மணலில் ஓடலாம், கணுக்கால் பலப்படும். தினமும் வேண்டாம், மணலில் கால் புதைந்து புதைந்து அடி மெதுவாகப் பழகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வண்டல் மைதானம் சேறாகிவிடும். அந்த இரண்டு மாதமும் வீணாகப் போவதாக நினைக்காதீர்கள். பள்ளித் தாழ்வாரத்தில் 20 மீட்டர் இருந்தால் போதும்: கயிறு தாண்டுதல், ஒற்றைக் காலில் குதிப்பது, குப்புறப் படுத்து முழங்கையில் உடம்பைத் தாங்கி நிற்பது, ஸ்டார்ட் எடுத்து நான்கு காலடி மட்டும் ஓடுவது. போல்ட்டுக்கு முதுகைப் பலப்படுத்திய வேலையும் ஏறக்குறைய இந்த வகைதான்.

ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பாள். மண் தரையில் ஆணி மாட்டாமலும் ஓடிவிடலாம். மாநிலப் போட்டி செயற்கைத் தளத்தில் என்றால் அப்போது வாங்குங்கள், விரல் நுனி லேசாகத் தொடுகிற அளவில், தளர்வாக வேண்டாம். செயற்கைத் தளத்தில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டிக்கு முன் ஒரு முறையாவது திருச்சி அண்ணா ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போய் அந்த ரப்பர் தளத்தில் ஓடவிடுங்கள். முதல்முறை ஓடுகிற பிள்ளைக்குத் தரை திருப்பித் தள்ளுகிற மாதிரி இருக்கும், அடுத்த நாள் கெண்டைக்கால் வலிக்கும். அந்த அனுபவம் போட்டி நாளில் வரக் கூடாது.

சாப்பாட்டுக்குப் பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. சோறு, முட்டை, மீன், உளுந்தங்களி, முருங்கைக்கீரை, வேர்க்கடலை. நம் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது, பசிக்கிற அளவு போடுங்கள். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் கட்டாயம் செய்யுங்கள்: ஹீமோகுளோபின். இந்த வயதுப் பெண் பிள்ளைகளில் ரத்தசோகை சாதாரணமாக இருக்கிறது. சோம்பேறி என்று கோச் திட்டுகிற பிள்ளைக்கு இரும்புச்சத்துதான் குறைவாக இருக்கும். இன்னொன்றை அம்மா கவனிக்க வேண்டும். வயதுக்கு வந்த பிறகு ஒன்று, இரண்டு வருடம் டைமிங் அப்படியே நிற்கலாம், கூடவும் செய்யலாம். இடுப்பு அகலும், எடை கூடும், உடம்பு புது அளவுக்குப் பழக வேண்டும். அந்த நேரத்தில் "வெயிட் போட்டுட்டே" என்று சோற்றைக் குறைத்தால் பிள்ளை தொலைந்தாள். மாதவிலக்கு தொடர்ந்து மாதங்கள் தள்ளிப்போனால் அதை ஓடுகிறவளுக்கு சகஜம் என்று விடாமல் டாக்டரிடம் போங்கள். உடம்புக்குப் போகிற சாப்பாடு போதவில்லை என்று அது சொல்கிறது.

வழி என்ன என்று கேட்டீர்கள். பள்ளிக் கல்வித் துறை வழியாகக் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசியப் பள்ளி விளையாட்டு. அதற்குப் பக்கத்திலேயே மாவட்டத் தடகளச் சங்கம் வழியாக இன்னொரு பாதை: மாநில ஜூனியர், 14 மற்றும் 16 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசிய மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி, அதற்கு மேல் தேசிய ஜூனியர், பிறகு பெரியவர்களுக்கான தேசியப் போட்டியான ஃபெடரேஷன் கோப்பை. பெற்றோர் நிறைய பேருக்கு இந்த இரண்டாம் பாதை தெரியாது, பள்ளிப் போட்டியோடு நின்றுவிடுகிறார்கள். பிள்ளையைச் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

சென்னை விஷயம். இப்போது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. உங்களுக்கு மயிலாடுதுறையிலேயே ராஜன் தோட்டத்தில் சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) பயிற்சி மையம் இருக்கிறது. தடகளத்தில் பெண் பிள்ளைகளுக்கு இந்த வருடம் சேர்க்கை எப்படி என்று நேரில் போய்க் கேளுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்களுக்கும் வருடாவருடம் செலெக்ஷன் நடக்கும். ஹாஸ்டல் கெட்டது என்று சொல்லவில்லை, நல்ல சாப்பாடும் ஒழுங்கும் கிடைத்து உருப்பட்ட பிள்ளைகள் நிறைய. ஆனால் 14 வயதில், அம்மாவைப் பிரிந்து, தெரியாத ஊரில், தன்னைவிட வேகமான இருபது பிள்ளைகளுக்கு நடுவில் போடும்போது, ஓட்டம் சந்தோஷமாக இருந்தது போய்ப் பயமாகிவிடலாம். போல்ட்டையே கிராமத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போனபோது என்ன ஆனது என்று பார்த்தோம். நாற்றைப் பறிக்க நாள் கணக்கு இருக்கிறதல்லவா? பதினாறு முடியட்டும், பத்தாம் வகுப்பும் முடியட்டும், அப்போது அவளே கேட்டால் அனுப்புங்கள். கோச் யார், ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், காயம் பட்டால் யார் பார்ப்பார்கள் என்ற மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தொழில்முறை என்ற வார்த்தைக்கு வெளிநாட்டில் ஒரு அர்த்தம், இங்கே ஒரு அர்த்தம். போல்ட்டைப் பதினாறு பதினேழு வயதிலேயே ஷூ கம்பெனி ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. பெரிய ஓட்டக்காரர்கள் டைமண்ட் லீக் மாதிரியான போட்டிகளில் ஓடிப் பணம் சம்பாதிக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளத் தங்கத்துக்கு உலகத் தடகள அமைப்பு முதல்முறையாக 50,000 டாலர் கொடுத்தது. அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். நம் பிள்ளைகளுக்குத் தொழில் என்றால் வேலை: ரயில்வே, ராணுவம், போலீஸ். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மாதச் சம்பளம் வந்தால்தான் 20 வயதுக்கு மேல் ஓடவே முடியும். கல்லூரி முடித்து வேலை கிடைக்கும்வரை உள்ள இரண்டு மூன்று வருடத்தில்தான் நல்ல நல்ல ஓட்டக்காரர்கள் கடை வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விடுகிறார்கள். அதனால் குறுவட்டச் சான்றிதழிலிருந்து ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஆதாரோடு ஒத்திருக்கிறதா என்று மைதானத்திலேயே சரிபார்த்து வாங்குங்கள்.

பிறந்த தேதி என்றதும் ஒரு எச்சரிக்கை. "ஒரு வருடம் குறைத்துப் போடலாம், சின்ன வயதுப் பிரிவில் மெடல் நிச்சயம்" என்று யாராவது வருவார்கள். விரட்டிவிடுங்கள். மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிற சோதனை இருக்கிறது. மாட்டினால் தடை. மாட்டாவிட்டாலும், தன்னைவிடச் சின்னவர்களை ஜெயித்துப் பழகிய பிள்ளை பெரியவர்களோடு ஓடும் நாளில் உடைந்துவிடுவாள்.

இன்னொரு எச்சரிக்கையை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். திருச்சி பக்கத்துக் குண்டூர் தனலட்சுமி 2021-இல் பாட்டியாலா ஃபெடரேஷன் கோப்பையில் 100 மீட்டர் இறுதியில் 11.39 ஓடி, ஒடிசாவின் பேர்பெற்ற ஓட்டக்காரி டூட்டி சந்தை முந்தியபோது இந்தப் பக்கமே கொண்டாடியது. அதே மீட்டில் 200 மீட்டரில் 23.26, பி.டி. உஷா 1998-இல் வைத்த மீட் ரெக்கார்டை உடைத்த ஓட்டம். டோக்கியோ அணியிலும் இடம் கிடைத்தது. அடுத்த வருடமே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மூன்று வருடத் தடை. ஒரு குடும்பம் பட்ட பாடெல்லாம் ஒரு அறிக்கையில் போயிற்று. யார் கொடுத்தாலும், கோச்சே கொடுத்தாலும், லேபிள் இல்லாத மாத்திரை, ஊசி, பவுடர் எதுவும் பிள்ளை உடம்புக்குள் போகக் கூடாது. சளிக்கு மருந்து வாங்கினாலும் விளையாடுகிற பிள்ளை என்று டாக்டரிடம் சொல்லி வாங்குங்கள். இதைப் பதினான்கிலேயே பழக்கிவிட வேண்டும்.

உங்களால் இந்த வாரமே செய்ய முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நீள டேப் எடுத்து மைதானத்தில் 30, 60, 150 மீட்டர் அளந்து சுண்ணாம்பு போடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், நன்றாக உடம்பு சூடேற்றிய பிறகு, ஒரு நாள் 30-உம் 60-உம், இரண்டு நாள் கழித்து 150-உம் ஓடவிடுங்கள். விசில் வேண்டாம். கைக்குட்டையைத் தூக்கிக் கீழே இறக்கச் சொல்லி, அதைப் பார்த்து வாட்சை அமுக்குங்கள். மூன்று முறை எடுத்து நடுவில் வருவதை வைத்துக்கொள்ளுங்கள். முப்பதில் கெட்டிக்காரியா, அறுபதுக்கு மேல் வேகம் தாங்குகிறதா, நூற்றைம்பதில் கடைசி முப்பது மீட்டரில் தோள் தூக்குகிறதா, தலை பின்னால் சாய்கிறதா என்று பக்கவாட்டில் நின்று செல்போனில் படம் பிடியுங்கள். அந்த மூன்று டைமிங்கையும் எனக்கு எழுதுங்கள். அவள் நூறுக்குரியவளா நானூறுக்குரியவளா என்று அதை வைத்துக் கொஞ்சம் சொல்ல முடியும்.